டென்னிஸ் சோதித்த திருத்தம்

சின்னசேலம் எட்வின் சம்பளத்துக்குப் பார்ப்பது ஒரு கம்பெனி வேலை. பெயருக்குப் பார்ப்பது கர்னல் வேலை. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் ஓடும் மென்பொருள்தான் கர்னல். அதற்கு யாரும் திருத்தம் அனுப்பலாம். காசு வராது, பெயர் வரும். எட்வினுக்கு அது போதும்.

வெளியே ஓடும் புரோகிராம்கள் கர்னலிடம் வேண்டியதைக் கேட்க சிஸ்டம் கால் என்றொரு வாசல் உண்டு. கர்னலும் சில இடங்களில் அதே வாசலில் வந்து தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தெருவுக்குப் போய்க் காலிங்பெல் அடித்து, தன் வீட்டிலேயே தண்ணீர் கேட்பது மாதிரி. எட்வின் அந்த அழைப்புகளை எடுத்துவிட்டு, நேரே உள்ளே போகிற மாதிரி மாற்றி எழுதினார்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் இன்னொருவர் ஓட்டிப் பார்த்ததாகப் பெயர் போட்டால் திருத்தம் சீக்கிரம் ஏறும். பழைய மிஷின் இருந்தது மலைமேல் கரியாலூரில், மனைவி ஜெஸியின் தம்பி டென்னிஸ் நடத்தும் லாட்ஜில். மலையேறச் சோம்பல். 'சோதித்தவர்: டென்னிஸ்' என்று லாட்ஜ் ஈமெயிலோடு தட்டிவிட்டார். மச்சான் கோவிச்சுக்கவா போகிறான்?

கோவிச்சுக்கவில்லை. ஜெஸி விஷயத்தைச் சொன்னதும் தன் பெயர் வந்த அந்த ஒரு வரியை மட்டும் பிரிண்ட் எடுத்து, ரிசப்ஷனில் மாதா படத்துக்குக் கீழே ஃபிரேம் போட்டு மாட்டினான்.

திருத்தங்களைச் சேர்க்கும் பொறுப்பாளர், எந்த மிஷினில் ஓட்டினீர்கள் என்று டென்னிஸுக்கே எழுதினார்.

"மாமா, வெள்ளக்காரன் கேக்குறான். நான் இன்னாத்த ஓட்னேன்? நீங்க ஏதோ மரியாதைக்குப் போட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எட்வின் முதல் பஸ்ஸில் மலையேறினார். ஃபிரேமுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தான் மச்சான்.

"பொய்யாப் போட்டுட்டேன்டா."

"அதுக்கு இன்னா? இப்ப ஓட்டுவோம்."

லாட்ஜ் மிஷினில் திருத்திய கர்னலை ஏற்றினார்கள். கிளம்பிய மிஷின் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் பாதியில் நின்றது. அந்த இடத்தில்தான் எட்வின் கை வைத்திருந்தார். ரூம் கணக்கும் அந்த மிஷினில்தான்; அருவியில் நனைந்து வந்த சேலத்துக்காரர்கள் சாவிக்காகச் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"நெசமாவே ஓட்டியாச்சு மாமா. ஓடலன்னு போடுங்க."

பழைய கர்னலை எழுப்பி, அந்தக் கவுன்டரிலேயே எட்வின் பொறுப்பாளருக்கும் உலகத்துக்கும் சேர்த்து எழுதினார்: முன்பு டென்னிஸ் சோதித்ததாகச் சொன்னது நான் சொன்ன பொய். இன்று சோதித்தார். வேலை செய்யவில்லை. இப்படிக்கு, எட்வின்.

டென்னிஸ் ஃபிரேமைக் கழற்றித் துடைத்தான்.

"இத்த பிரிண்ட் எடுத்து இதுலயே வெச்சிடலாம். இந்தத் தடவ உங்க பேரும் வருது இல்ல?"

வந்தது. மாதாவுக்கு நேர் கீழே.