அம்மாவின் கலியாண எழுத்தைத் தேடிய அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அக்காவை மெல்பேர்ன் மல்கிரேவ் வீட்டில்தான் தெரியும். புதிதாக வந்திறங்கும் குடும்பங்களுக்கு முதல் வாரம் முழுக்கப் புட்டு அவித்து அனுப்புவார். "உப்புக் காணாது" என்று யாராவது சொல்லிவிட்டால் சண்டைக்கும் வருவார். அவர் எதைச் சுமந்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்தார் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மறைந்து ஒரு வருடமாகும் இந்த ஆட்டைத் திவசத்தில் சொல்லலாம் என்று அக்காவின் கணவர், என் அத்தான், சம்மதித்திருக்கிறார்.

அக்கா பிறந்தது இலங்கையின் தெற்கே, காலிக்கு உட்புறமாக இருந்த ஒரு றப்பர் தோட்டத்தில். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் காடு வெட்டி உண்டாக்கிய தோட்டம் அது. அப்பா அவருடைய மூத்த மகன். அம்மாவோ தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்கும் உத்தியோகத்தரின் மகள். அப்பப்பா சம்மதிக்கமாட்டார் என்று தெரிந்து, இருவரும் பதுளைக்கு ரயிலேறிப் போய்க் கலியாணத்தை எழுதி, பதிவு செய்துகொண்டார்கள். அப்பப்பா காலமாகிச் சில வருடங்களில் அப்பாவும் காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, எனக்கு இரண்டு.

தோட்டம் முழுவதும் தனக்கே உரியது என்று அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, வழக்குப் போட்டார். அண்ணன் மணம் முடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். அப்பாவின் பெட்டியிலிருந்த சான்றிதழைக் காணவில்லை. பதுளையில் தேடியும் பதிவு இல்லை என்று பதில் வந்தது. அம்மா தோற்றுப்போய், எங்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்து, தையல் தைத்து வளர்த்தார். வறுமையை அவர் தாங்கினார். "வச்சிருந்தவ" என்று சனம் முதுகுக்குப் பின்னால் சொன்ன சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. அந்தச் சொல்லோடேயே கண்ணை மூடினார். அக்கா தன் படிப்பை நிறுத்தித் தட்டெழுத்து வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தானோடு மெல்பேர்ன் வந்தவர், என்னையும் அழைக்க விண்ணப்பம் நிரப்பினார். நான் வந்து சேர்ந்த பிறகுதான் அதைப் பற்றிச் சொன்னார்.

"அப்பா அம்மா எங்க எப்ப கலியாணம் எழுதினவை எண்டு கேட்டிருந்தாங்கள், தம்பி. பதுளை எண்டுதான் எழுதினனான். அவங்கள் தேடிப் பாத்து இல்லையெண்டா நான் பொய்க்காரியெல்லோ?"

அதன்பிறகு அவர் விடவில்லை. முதலில் நீதிமன்றத்துக்கு எழுதி வழக்கேட்டின் பிரதியை எடுப்பித்தார். குசினியில், சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் வாசித்தோம். "சாட்சிக்குக் கையெழுத்து வைத்தவரே இதோ நிற்கிறார்" என்று அம்மா கூண்டில் நின்று சித்தப்பாவைக் காட்டியிருந்தார். தான் பதுளைக்கே போனதில்லை என்பது சித்தப்பாவின் மறுமொழி. இதை அம்மா ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. அக்கா ஏட்டை மூடிவிட்டு, அன்றே கடிதம் எழுத உட்கார்ந்தார்.

பதுளைக்கு இரண்டு தடவை எழுதினார். பதிவு இல்லை என்ற அதே பதில் வந்தது. பிறகு ஒருநாள் அத்தானின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. இங்கே தகப்பன் பெயரே குடும்பப் பெயராகிவிடுவதால், அத்தானை அவருடைய தகப்பனார் பெயரால் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள். "அவர் செத்து எத்தினையோ வருஷம்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லி வைத்துவிட்டார். அத்தானும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

"தம்பி, பதுளையிலயும் இப்பிடித்தான் எழுதியிருப்பாங்கள். எல்லாரும் அப்பாவின்ர பேரிலதான் தேடினவை. அப்பப்பாவின்ர பேரில தேடச் சொல்லுவம்!"

அப்படியே எழுதினார். சில மாதங்களில் அத்தாட்சிப் பிரதி வந்தது. மணமகன், மணமகள், திகதி எல்லாம் சரி. இரண்டாவது சாட்சி சித்தப்பா.

சித்தப்பா அப்போது சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், மகள் ரஞ்சியோடு இருந்தார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துவிட்டதால் இங்கு வந்தவர். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போனார். நாங்கள் யாரென்று அறிந்ததும் ரஞ்சி தேநீர் போட ஓடினாள். சித்தப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. அக்கா பிரதியை அவர் மடியில் வைத்தார்.

அதை வாசித்துவிட்டு அவர் சொன்னார்: "ஓம் பிள்ளை. நான்தான் கையெழுத்து வச்சனான்."

"அப்பா, அப்ப கோட்டில ஏன் இல்லையெண்டு சொன்னீங்கள்?" என்று, வழக்கின் கதையை அறிந்திருந்த ரஞ்சி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று கேட்டாள்.

"தோட்டம் ரெண்டாப் போயிடுமெண்டு பயந்திட்டன்."

"தோட்டக் கதை வேண்டாம், சித்தப்பா," என்றார் அக்கா. "அம்மாவைச் சனம் சொன்னது உங்களுக்குத் தெரியும். அவ ஆரெண்டு உங்கட மகளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்கோ. எனக்கு அது போதும்."

சித்தப்பா அழுதார். "அண்ணி," என்றார். "அவ என்ர அண்ணி." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த மனம் வரவில்லை. நான் வெளியே போய் நின்றேன்.

அந்தப் பயணம் எங்களுக்கு ஒரு தங்கையைத் தந்தது. போன வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியபோது, ரஞ்சி வேலைக்கு விடுப்பெடுத்து வந்து ஏழு வாரம் கூட இருந்தாள். தலை வாரிவிட்டதும், வாயில் நீர் வைத்ததும் அவள்தான். ஆஸ்பத்திரித் தாதிமாரிடம் அக்கா "என்ர சொந்தத் தங்கச்சி" என்றே அவளை அறிமுகப்படுத்தினார்.

அந்தத் தாதிமாருக்கும், மாறிமாறிச் சமைத்து அனுப்பிய மல்கிரேவ் அயல்வீட்டுக்காரருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தியவர்களுக்கும், தூரம் பாராமல் வந்து தோள் கொடுத்த எல்லோருக்கும், கண் கலங்காமல் இன்றும் அக்காவின் பெயரைச் சொல்ல முடியாத அத்தானின் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. தங்கை ரஞ்சிக்கு நன்றி சொன்னால் கோபிப்பாள்.

இந்த வரிசையில் சித்தப்பாவையும் சேர்க்கும்படி அக்கா கடைசி வாரத்தில் என்னிடம் சொன்னார். "விட்டிடாதை தம்பி. அந்த வயசில மகளுக்கு முன்னால ஒத்துக்கொள்ளுறது லேசில்லை." இதை எழுதும்போது இரண்டு நாள் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தேன். சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.