குலசேகரம் பேருந்தில் அந்தரங்க உரிமை

இன்று காலை குலசேகரம் போகும் பேருந்தில் இலவசமாக அரசியல் சட்டம் படித்தேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு வக்கீல். விவாகரத்து கேட்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு, ஓட்டுநருக்கும் கேட்கிற குரலில், போனில் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கேட்டியா மோளே, அந்தரங்கம் நம்ம அடிப்படை உரிமையாக்கும். உச்ச நீதிமன்றத்துல ஒம்பது ஜட்ஜிமாரு ஒண்ணுபோல சொன்ன தீர்ப்பு. ஒனக்க போனை நோண்ட ஒனக்க மாப்பிள்ளைக்கு ஒரு அதிகாரமும் கிடையாது."

எனக்குப் புல்லரித்துவிட்டது.

அடுத்த இரண்டு நிறுத்தங்களுக்குள் அந்தப் பெண்ணின் பெயர், ஊர், கணவன் வைத்திருக்கும் கடை எல்லாம் வந்துவிட்டன. கடைசியாக, இன்னும் சத்தமாக:

"திங்கக்கிழமை நீ வீட்டை விட்டு இறங்குற விஷயம் ஒரு மனுசனுக்கும் தெரியப்பிடாது, என்னா?"

பேருந்தே தலையாட்டியது.

முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"வக்கீலு சாரே, அவளுக்க மாப்பிள்ளைக்கு நான் சொந்த அத்தையாக்கும். திங்கக்கிழமை காலையிலயா, சாயங்காலமா?"

வக்கீல் போனை அணைத்துவிட்டு, வெளியே ரப்பர் மரங்களை எண்ணத் தொடங்கினார்.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒன்பது நீதிபதிகள் சொன்னதை மதிக்க ஒரு ஆளாவது வேண்டாமா? தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள், அந்தப் பேருந்தில் வந்த யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.