தேக் லேகா சார்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம், சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குத் திரும்பும் பகல் விமானத்தில் இது நடந்தது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். வானம் தெளிவாக இருந்தது. பயப்பட ஒரு காரணமும் இல்லாத நாள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேலைக்காலம் முழுவதும் விமானம் ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு செகந்திராபாத்தில் வீடு பார்த்துக்கொண்டு சிமுலேட்டரில் பாடம் எடுத்தேன். தரையை விட்டு நகராத போலி விமான அறை அது. விமானிகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறப்பதற்கு முன் அதில்தான் பழகுவார்கள். வருகிறவர்களில் தெலுங்கர், தமிழர், வடக்கத்தியர் எல்லோரும் உண்டு. பாடம் பாதி ஆங்கிலத்திலும் பாதி ஹிந்தியிலும் போகும். தானியங்கிக் கருவிகளைப் பற்றி யாராவது நோண்டி நோண்டிக் கேட்டால் "வோ தேக் லேகா" என்று சொல்லிச் சிரிப்பேன். ‘அது பார்த்துக்கொள்ளும்’ என்று அர்த்தம். சொல்லிச் சொல்லி எனக்கு ‘தேக் லேகா சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

அன்று விமானத்தில் ஏறும்போது துணை விமானி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் படித்த பெண். தமிழ்க் குடும்பம். அப்பாவுக்குப் பாலாநகர்ப் பக்கம் கருவிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத். "தேக் லேகா சார் வந்திருக்கார்னு கேப்டன்ட்ட சொல்றேன்" என்று உள்ளே ஓடினாள். கேப்டனும் என் மாணவன்தான். உள்ளிருந்தபடியே கையைத் தூக்கி சலாம் வைத்தான். பக்கத்து இருக்கைப் பையனிடம் "ரெண்டு பேரும் நம்ம பசங்க" என்று பீற்றிக்கொண்டேன். அமீர்பேட்டில் ஏதோ கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போகிறவனாம். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டான்.

ஹைதராபாத் நெருங்கியதும், நாங்கள் இருக்க வேண்டியதை விட உயரத்தில் இருப்பது எனக்குத் தெரிந்தது. அப்படி ஆகும்போது என்ஜின் சக்தியை அடியோடு குறைத்து வேகமாக இறங்குவது வழக்கம். அதையேதான் கேப்டனும் செய்தான். சக்கரங்கள் இறங்கின. இறக்கை மடல்கள் விரிந்தன. இறக்கத்தின் சரிவும் சீரானது. அந்த நேரத்தில் என்ஜின் சத்தம் மறுபடி எழ வேண்டும்.

எழவில்லை.

காத்திருந்தேன். காற்றின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மூக்கு மெல்ல மேலே தூக்கியது. வேகம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிட அடையாளம் வேண்டியதில்லை. என் வலது கை, தானாக, என்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டில் பிடியை, அங்கே இல்லாததை, தேடி முன்னிருக்கையின் முதுகைத் தள்ளியது. "க்யா ஹுவா அங்கிள், சீட் பெல்ட் டைட்டா?" என்றான் பையன். என்ன ஆச்சு என்று கேட்கிறான். ஜன்னலில் பாறைகளும் அதற்கு நடுவே புதுக் குடியிருப்புகளும் பெரிதாகிக்கொண்டு வந்தன.

அந்தச் சில நொடிகளில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கேள்வி.

சிமுலேட்டரில் இதே பெண் கேட்டது. என்ஜின் சக்தியைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவிக்கு ஆட்டோ த்ராட்டில் என்று பெயர். இப்படி வேகமாக இறங்கும்போது அது சக்தியைக் குறைத்து முடித்ததும், எதிரில் உள்ள திரையில் ‘ஆர்ம்’ என்ற சொல் வரும். ஆயுதத்தோடு தயாராக நிற்கும் காவல்காரன் என்றே நான் அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். வேகம் குறைந்தால் பாய்ந்து வந்து காப்பாற்றும் என்று நம்பினேன். அந்தப் பெண், விமானத்தைத் தானே ஓட்டும் ஆட்டோ பைலட்டை அணைத்துவிட்டுக் கையால் ஓட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சார், ஆர்ம்னுதான் காட்டுது. ஆனா ஸ்பீடு கொறைஞ்சுட்டே போகுது. இது ஏன் எழுந்திருக்கல?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் ஓட்டியும் தெரியவில்லை. கைப்பழக்கத்தில் எப்போதும் நானே த்ராட்டிலைத் தள்ளியிருக்கிறேன். கருவி செய்ததாக நினைத்திருக்கிறேன். தெரியாது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. "வோ தேக் லேகா. உங்கப்பா பாலாநகர்ல பொட்டி பண்றார்னா, நீ அதைத் தொறந்து பாத்தே ஆகணுமா?" என்று சொல்லிச் சிரித்தேன். பின்னால் முறைக்காக உட்கார்ந்திருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் "ஹவ் சார்" என்றாள். ஹைதராபாத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ அதுதான். புரிந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம், காதில் விழுந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் புரிந்தது என்று வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் நினைவில் ஓடி முடிவதற்குள் என்ஜின்கள் இரண்டும் ஒரே உறுமலாக உறுமின. விமானம் ஒரு கணம் தொங்குவது போலிருந்தது. பிறகு ஏற ஆரம்பித்தது. பையன் காதிலிருந்து பாட்டைக் கழற்றினான். ஓடுபாதை தயாராக இல்லாததால் மீண்டும் சுற்றி வருகிறோம் என்று கேப்டன் அறிவித்தான். குரல் வறண்டிருந்தது. ஓடுபாதைமேல் குற்றமில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது முறை பூப்போல இறங்கினோம். சிலர் கைதட்டினார்கள்.

எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கேப்டன் வெளியே வந்து என் முன்னால் நின்றான்.

"ஆர்ம் தா சார். இவள் ஸ்பீடு, ஸ்பீடுன்னு ரெண்டு தடவை சொன்னாள். மைனே போலா, வோ தேக் லேகா."

ஆர்ம் என்றுதான் இருந்தது, அது பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன் என்கிறான். தெலுங்குப் பையன், என்னிடம் பேசும்போது தனக்குத் தெரிந்த தமிழைக் கலப்பான். என் வாக்கியத்தை என் ராகத்திலேயே சொன்னான். அவன் என்னைக் குற்றம் சாட்டவில்லை. பாடம் ஒப்பிக்கும் மாணவனைப் போல நின்றான். மேற்கொண்டு அவன் சொல்லக் காத்திராமல் த்ராட்டிலைத் தள்ளியவள் துணை விமானிப் பெண்தான்.

அவளே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தாள். கேப்டனைப் பறக்கும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை ஆரம்பமானது. பயிற்சிப் பிரிவின் தலைவர் என்னைப் போனில் கூப்பிட்டார். மிகவும் மரியாதையான மனிதர். "இந்த விஷயத்தை நீங்க சரியாத்தான் சொல்லிக் குடுத்திருப்பீங்க, இல்லையா சார்?" என்றார்.

நான் "ஹவ்" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு கேப்டனின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு போனை வைத்தேன். வேகத்தைக் கவனிக்காதது அவன் தப்புத்தானே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். அதிலும் உண்மை இருந்தது. ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரை விரித்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போய், ஊருக்குப் போகிறவனைப் போல நடைமேடையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். கேப்டன் ஒருவன் மட்டும் என்றால் எப்படியோ மனதைத் தேற்றியிருப்பேன். என்னிடம் அதே பாடத்தைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? அந்த நிமிஷமும் அவர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் அந்தக் காவல்காரனை நம்பிக்கொண்டு கையை மடியில் வைத்திருந்தார்களோ?

மறுநாள் காலை நேரில் போனேன். ஆர்ம் என்றால் என்னவென்று எனக்கே தெரியாது, தெரியாததை ‘பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லி மூடினேன், போனிலும் பொய் சொன்னேன் என்றேன். தலைவர், என்னிடம் படித்தவர்கள் எல்லோரையும் மறுபயிற்சிக்குக் கூப்பிட ஏற்பாடு செய்தார். முதல் வகுப்பில் மாணவனாக உட்கார நானே அனுமதி கேட்டேன். ஆர்ம் என்றால், நான் கையை எடுத்துவிட்டேன், வேறு கட்டளை வரும்வரை வேகம் உன் பொறுப்பு என்று கருவி சொல்கிறதாம். நான் நினைத்ததற்கு நேர் எதிர். கேப்டனும் அந்த வகுப்பில் இருந்தான். அவன் திரும்பப் பறக்கப் பல மாதங்கள் ஆயின. நான் அதன் பிறகு பாடம் எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, நான் சொல்லிக் கொடுத்ததை மீறி த்ராட்டிலைத் தள்ள எப்படித் தோன்றியது என்று, வகுப்புக்கு வந்திருந்த துணை விமானிப் பெண்ணைக் கேட்டேன். சொல்லலாமா என்று யோசித்தாள்.

"நீங்க தெரிஞ்சதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டீங்க சார். தெரியாதப்போதான் சிரிப்பீங்க. அன்னைக்கு என் கேள்விக்குச் சிரிச்சீங்க."

அவள் அன்று சொன்ன ‘ஹவ்’வுக்கு இதுதான் அர்த்தம். என் பதில் அவள் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

இப்போதும் வீட்டுக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். என் பேச்சை நம்பாத ஒருவராவது அதன் விமானி அறையில் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது.