பாதி பானட்டுக்கு மட்டும் பாலிஷ்

அடுத்தவர் காரை நம் கையால் தேய்த்துப் பளபளப்பாக்கி, 'இதே மாதிரி நீங்களும் வீட்டிலேயே தேய்ச்சிக்கலாம் சார்' என்று சொல்லி மெழுகு பாலிஷ் டப்பாவை விற்பதுதான் எண்பதுகளில் என் பிழைப்பு. பையும் கையுமாக வீடு வீடாய் ஏறி இறங்கியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

வக்கீல் வீட்டு நியாயம்

கம்பெனியில் சொல்லிக் கொடுத்த தந்திரம் இது. பானட்டில் ஒரு பாதிக்கு மட்டும் மெழுகு பூசி, காயவிட்டுத் தேய்க்க வேண்டும். பளபளக்கும் பாதியைப் பார்த்தபின் மங்கிய பாதியை எந்த மனிதனாலும் சகிக்க முடியாதாம். டப்பா வாங்கியே தீருவானாம்.

விழுப்புரத்தில் ஒரு வக்கீல் காரில் அப்படித்தான் தேய்த்தேன். பளபளத்த பாதியில் முகம் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். மறு பாதியைப் பார்த்தார். நான் டப்பாவை நீட்டினேன். "இப்பிடி ரெண்டு கலர்ல நான் கோர்ட்டுக்குப் போவ முடியாதுப்பா. முன்னாடி எப்பிடி இருந்துதோ அப்பிடியே மங்கலாக்கிட்டு அப்பால போ" என்றார்.

டாக்டர் பட்ட பாடு

திண்டிவனத்து டாக்டர் ஒருவர் மறுபேச்சில்லாமல் டப்பா வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவரே தேய்த்தார். அந்த அழகைப் பார்க்க மறுநாள் காலை போயிருந்தேன். கிளியனூரிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காரைப் பார்த்தார். முனகிக்கொண்டே திரும்ப வண்டியில் ஏறினார். "திருப்புடா வண்டிய. இந்த டாக்டருக்கு நம்ம வயித்துவலி பத்தாது."

ஜட்ஜ் வைத்திருந்த கார்

திண்டிவனத்தில் ரைஸ் மில் ஏகாம்பரம் ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கியிருந்தார். 'ஜட்ஜ் ஒருத்தர் வெச்சிருந்த வண்டி' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் மகளுக்கு ஏற்கெனவே சில வரன்கள் தட்டிப் போயிருந்தன. அன்று விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் கார் கண்ணாடியாக வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

மெழுகுக்கு முன்னால் காம்பவுண்ட் என்கிற நறநறப்பான பசையைப் போட்டு லேசாக அழுக்கெடுக்க வேண்டும். லேசாகத்தான். "தடவிக்கினே இருந்தா எப்ப முடியறது? ஜல்தி, ஜல்தி!" என்று துணியைப் பிடுங்கி, காரின் கூரையை ஏகாம்பரமே வெறிகொண்டு தேய்த்தார். வெள்ளை கரைந்து, தோசை அளவுக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது. பதறிப்போய்க் கதவைத் தேய்த்தார். கறுப்பு. சாட்சாத் மெட்ராஸ் டாக்சி! காபி கொண்டுவந்த அவர் மனைவி, "ஏங்க, ஜட்ஜு மீட்டர் போட்டா ஓட்டினாரு?" என்று கேட்டார்.

ஏகாம்பரத்தின் முகம் செத்துவிட்டது. ஜன்னலில் நின்ற மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வரனும் தட்டினால் பழி என் டப்பா மேல்தான். மஞ்சளின் மேல் துண்டை விரிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கிவந்து மஞ்சளை விரலால் தடவினார். "அது வந்துங்க..." என்று இழுத்தார் ஏகாம்பரம். அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார் அந்த மனிதர்: "உடுங்க சம்பந்தி, எங்க வண்டிக்கும் அடியில இதே மஞ்சதான். அதான் நாங்க தேய்க்கிறதே இல்ல."

கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே எனக்கு இலை போட்டு உபசரித்த அந்த இரண்டு வீட்டாரும், கடைசி வரைக்கும் என்னிடம் ஒரு டப்பாகூட வாங்கவில்லை.