அம்பு இல்லாத உறை

நிலத்தைத் துளைத்து மண் எடுத்து வந்த இரும்புக் குழாய்க்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை உருவியதும் லாசரஸ் செய்கிற முதல் வேலை, காதில் செருகியிருக்கும் சிவப்பு மார்க்கரை எடுத்து அதன்மேல் ஓர் அம்பு போடுவது. அம்பின் முனை இருக்கிற பக்கம் மேல்பக்கம். பிறகுதான் ஆழம் எழுதுவார், மூடி போடுவார், நெற்றி வேர்வையைத் துடைப்பார். உறையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். அம்பு இல்லையென்றால், உள்ளே இருக்கிற மண்ணில் எது முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அடுத்தது பல். முனையிலிருந்து ஒரு துளி மண்ணைக் கிள்ளி முன்பல்லில் தேய்ப்பார். "நறநறன்னா ஆத்து வண்டல். வெண்ணெ மாதிரி வழுக்குனா கடல் களிமண்ணு லா," என்பார். முப்பத்தொரு வருடமாகச் சிங்கப்பூரின் அடிமண்ணை ருசி பார்த்துவரும் வாய். அதனால் புக்கிட் பாத்தோக் வீட்டில் மனைவி உர்சுலா ஒரு சட்டம் போட்டிருக்கிறார்: பல் விளக்காமல் பேத்தியிடம் போகக் கூடாது. பேத்தி கேட்லினுக்கு ஆறு வாரம். மகள் டானியலா அனுப்பும் படங்களை வேலையிடத்தில் எல்லோரும் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு, தாத்தா மூக்கு என்று சொல்லியாக வேண்டும். குழந்தையின் துணிப்பெட்டி மேல்கூட ஒரு சிவப்பு அம்பு இருக்கிறது.

இப்போது வேலை ரோச்சோர் கால்வாய் ஓரத்தில். மேலே தேக்கா சந்தையிலிருந்து வருகிற கூட்டம் கறிவேப்பிலை எட்டிப் பார்க்கும் பைகளோடு நடக்கிறது. கீழே பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கடல் களிமண். அதற்கும் கீழே சிவந்து இறுகிய மண், கடல் எங்கோ பின்வாங்கிப் போயிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்த தரை. அந்தத் தரையை அறுத்துக்கொண்டு ஓடிய ஆறுகளின் மணலும் அழுகிய இலைதழையும் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன. ஆறு ஓயும்போது கனத்த மணலை முதலில் போடும், லேசான சேற்றைக் கடைசியில் போடும். மணல் கீழே, சேறு மேலே. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் புரிகிற விஷயம்.

அந்த விஷயத்தை நம்பித்தான் ஓர் ஆளைக் கொன்றுவிட்டதாக லாசரஸ் நினைக்கிறார்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால், வேறு கம்பெனி, வேறு இடம். அம்பு அழிந்துபோன ஓர் உறை கைக்கு வந்தது. ஒரு முனையில் மணல், மறுமுனையில் கறுத்த சேறு. மணலைக் கீழே வைத்து அம்பு போட்டார். அந்த அம்பை நம்பித் தோண்டிய குழியின் பக்கம் சரிந்தது. சரிந்த சுவரில் அவரே பார்த்தார்: மணல் மேலே, சேறு கீழே. எத்தனையோ ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எந்த மழையிலோ பொங்கிய ஆறு, சேற்றின்மேல் மணலை வாரிக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. குழிக்குள் இருந்த ஆளுக்கு இருபத்தாறு வயது. வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. விசாரணையில் தண்ணீர் இறைக்கிற பம்ப் வந்தது, முட்டுக்கொடுத்த கம்பி வந்தது. உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இவரும் வாய் திறக்கவில்லை. உர்சுலாவுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் பூசைக்குக் கொடுக்கிற சீட்டில், அப்பா அம்மா பேருக்குக் கீழே, முகம் பார்த்திராத அந்த ஆளின் இந்துப் பேரையும் லாசரஸ் எழுதுகிறார். இது யார் என்று சாமியார் ஒருமுறை கேட்டதற்கு, கூட வேலை பார்த்தவர் என்று சொல்லிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை இருபத்து நாலாவது மீட்டர் உறையை உருவி, உறைகளை அடுக்கும் மரச்சட்டத்தில் கிடத்தினார். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். கேட்லின் முதன்முதலாகச் சிரித்திருந்தாள். பொக்கை வாய், பன்னிரண்டு விநாடி. மூன்று தடவை பார்த்தார். நாலாவது தடவை பார்ப்பதற்குள் மின்னல் எச்சரிக்கைச் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள், அவரும் ஓடினார். மழை விட்டுத் திரும்பியபோது சட்டம் காற்றில் சாய்ந்து, உறை உருண்டு வேலியோரம் கிடந்தது. முப்பத்தொரு வருடத்தில் அம்பு போடாமல் அவர் விட்டுவிட்டுப் போன ஒரே உறை.

பொறியாளர் ரஞ்சன் வந்து நின்றார். சாலையை மறிக்க வாங்கிய அனுமதி ஆறு மணியோடு முடிகிறது. அதற்குள் துளையைச் சிமெண்ட் ஊற்றி மூட வேண்டும். மறுபடி துளைப்பதென்றால் மறுபடி விண்ணப்பம், மூன்று வாரம். லாசரஸின் வேலை ஒப்பந்தமும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கிற தாளில் எழுதப்போவது இதே ரஞ்சன். அறுபத்து நாலு வயதில் இன்னொரு கம்பெனி கூப்பிடாது.

"ரெண்டு பக்கமும் பாருங்க அங்கிள். மணல் கீழ, சேறு மேல. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே?"

லாசரஸ் பார்த்தார். ஒரு முனையில் மணல். மறுமுனையில் கறுத்த சேறு. பல்லில் வைக்கவில்லை.

"தெரியல தம்பி."

"ஒரே ஒரு அம்பு லா அங்கிள். யாரு பாக்கப் போறாங்க?"

"அதான் தம்பி. யாரும் பாக்க மாட்டாங்க."

ரஞ்சன் கோபக்காரர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். "உங்க ஃபார்ம் என் டேபிள்லதான் இருக்கு. வீட்டுல பாப்பா வந்திருக்கு, யோசிங்க," என்றார் மெதுவாக. பிறகு மார்க்கருக்குக் கை நீட்டினார். "நீங்க போட வேணாம். நான் போட்டுக்குறேன்."

லாசரஸ் மார்க்கரைக் கொடுத்துவிட்டார். இடுப்புக் கத்தியை எடுத்து உறையை நீளவாக்கில் கீறி, இரண்டு கையாலும் பிளந்தார். உள்ளேயிருந்ததை வழித்துக் காலடியில் போட்டார். எது மணல், எது சேறு என்று பிரிக்க முடியாமல் போகும்வரை பூட்ஸ் காலால் மிதித்தார்.

பாக்கெட்டில் போன் மறுபடி அதிர்ந்தது. அது ஓயும்வரை, மண் வழிகிற இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடியே நின்றார்.