கடையில் மாட்டிய டயர்

இன்று காலை குழந்தைக்குத் தடுப்பூசி போட மூவரும் பைக்கில் கிளம்பினோம். ஆஸ்டின் டவுன்கூடத் தாண்டவில்லை, பின் டயரில் காற்று இறங்கிவிட்டது.

போன வாரம் போட்ட புது டயர். "கடையிலதான் மாட்டினேன், பயப்படாத" என்று கணவர் சொன்னதை நம்பித்தான் ஏறினேன்.

பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றிப் பார்த்தார்.

"கம்பியால டயர நெம்பும்போது ட்யூப ரெண்டு இடத்துல கடிபட விட்டிருக்காங்க சார். டயர் சுத்துற திசையக் காட்டுற அம்புக்குறிகூட உல்டா. எந்த மகானுபாவர் மாட்டினது?"

மகானுபாவர் குழந்தைக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களா?" என்றேன்.

"வீடியோல ஈஸியாத்தான்மா இருந்துச்சு. சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டியே!"

ஏறியிருக்கவே மாட்டேன். அது தெரிந்துதான் குழந்தையோடு ஏற்றியிருக்கிறார்.

நானும் குழந்தையும் ஆட்டோவில் போனோம்.

போன மாதம் பிரேக்கையும் கடையில்தான் சரி பார்த்தாராம். நீங்கள் நம்புவீர்களா?