சித்தி கறிபாப் சாப்பிட வந்த நாட்கள்

ஒன்றாம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. வீட்டில் என் வாய் மூடாது. செந்தூல் ஃபிளாட்டில் கீழ்மாடி வரைக்கும் கேட்கும். பள்ளி வாசலைத் தாண்டியதும் அந்தக் குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். ஆசிரியை பல மாதம் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் பேச வராது போலிருக்கிறது, அடுத்த வருடம் தனி வகுப்பில் போட்டுவிடலாம் என்றார். வீட்டில் ஓயாமல் கதை அளக்கிறாளே என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. எந்த அம்மாதான் அப்படிச் சொல்லமாட்டாள்? அப்பா ஏறக்குறையச் சம்மதித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் அம்மாவின் தங்கை, என் சித்தி, பல்கலைக்கழக ஆய்வுக்காகச் செலாயாங் பக்கத்துக் காட்டில் பறவை தேடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகக் காட்டுக்கு அனுப்புவதா? ஒரு சனிக்கிழமை குடும்பமே வேனில் ஏறியது. அம்மா தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கட்டிக்கொண்டாள். அப்பா தைப்பூசத்துக்கு எடுத்த மஞ்சள் சட்டையில் பளிச்சென்று வந்தார்.

சித்தி தேடியது ஆறுமணிக்குருவி இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. புதருக்கடியிலேயே நடமாடும், எப்போதாவது விசில் அடிக்கும். அதைக் கேட்க ஓரிடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நாங்களும் நின்றோம். அம்மா பட் பட்டென்று கொசு அடித்தாள். அப்பாவின் போனில் முருகன் பாட்டு காடதிர ஒலித்தது. பறவை என்ன, ஓர் அணில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமும் அதே கதைதான். அப்பா சலித்துக்கொண்டார்.

"இல்லாத குருவிக்கு எத்தன வாட்டி பெட்ரோல் ஊத்துறது லா?"

"இல்லன்னு எப்படி மாமா சொல்றது? நம்ம காதுல விழல, அவ்ளோதான். வேற நேரத்துல, சத்தம் போடாம வந்து நின்னு பாக்கணும்" என்றாள் சித்தி.

மழை விட்ட ஒரு காலையில், போனை வேனிலேயே வைத்துவிட்டு நின்றபோது, புதருக்குள்ளிருந்து விசில் கேட்டது. அப்பாவும் கேட்டார். பறவை கடைசிவரை கண்ணில் படவில்லை. இத்தனை நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் அரிய பறவை என்று எழுதப் பார்த்தேன் என்று சித்தி சிரித்தாள். அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை போய் ஆசிரியையிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டார்.

அதற்குப் பிறகு சித்தி எங்கள் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் ஓய்வு நேரம், இன்னொரு நாள் விளையாட்டு நேரம், சில நாள் பள்ளி விட்டதும். கேண்டீன் தூணுக்குப் பின்னால், உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த கறிபாப் தின்றபடி உட்கார்ந்திருப்பாள். என்னைப் பார்த்தாலும் கூப்பிடமாட்டாள். எனக்குக் கோபமாக வரும்.

ஒருநாள் கேண்டீன் பூனையிடம் அதன் குட்டிகள் செய்யும் அட்டகாசத்தைப் பற்றி நான் நீளமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் சித்தியோடு ஆசிரியையும் நின்றிருந்தார். அவர் கையிலும் ஒரு கறிபாப்.

தனி வகுப்புப் பேச்சு அதோடு நின்றது. இன்று கிள்ளானில் பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொள்ளும் ஆசிரியை நான். வாய் திறக்காத பிள்ளை வந்தால் அவசரப்பட்டு எதையும் சொல்லிவிடுவதில்லை. ஒவ்வொரு முறையும் மனதுக்குள் சித்திக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அன்று அதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோள் சொன்னேன்.

"சித்திக்கு வேலையே இல்லம்மா. கறிபாப் சாப்பிடத்தான் எங்க ஸ்கூலுக்கு வர்றாங்க."

அப்படியா என்று கேட்ட அம்மா, அன்று மாலையே சித்தியை வீட்டுக்கு வரவழைத்துத் தட்டு நிறையக் கறிபாப் பொரித்துக் கொடுத்தாள். இவளுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று எனக்குப் புரியவே இல்லை.